ஷ்பீட்ஸில் இறங்கியவள்

சுவிஸ் நாட்டுக்கு வந்த மூன்றாம் நாளே சிவனேஸ்வரியின் கைப்பை நாறத் தொடங்கிவிட்டது. ஹோட்டல்களில் காலைச் சாப்பாட்டு மேசையில் வைக்கும் பட்டர்க் கட்டி, சீஸ் துண்டு, வட்டப் பாண் எல்லாவற்றையும் அவளுடைய கணவர் மகேந்திரராஜா கை துடைக்கும் கடதாசியில் சுற்றி, மேசைக்குக் கீழால் அந்தப் பைக்குள் தள்ளுவார். தன் கோட்டுப் பைக்குள் ஒன்றும் வைக்கமாட்டார். கோட்டு ஊத்தையாகிவிடும்.

"ஏனப்பா இப்பிடி? அந்தப் பரிமாறுற மனுசி பாத்துக்கொண்டு நிக்கிறா."

"பாத்தால் என்ன? எல்லாத்துக்கும் சேத்துத்தானே காசு வாங்கினவங்கள். பையைத் திறவும்."

ரயிலில் பட்டர் உருகிச் சீப்பிலும் திருநீற்றுப் பொட்டலத்திலும் ஒட்டிக்கொண்டது. முகம் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்தால் புளித்த பால் வாடை. சன்னலுக்கு வெளியே பனி மூடிய மலைகளும் பச்சை ஏரிகளும் ஓடிக்கொண்டிருக்க, அவள் வாயைப் பொத்தியபடி இருந்தாள்.

அது 1977ஆம் ஆண்டு. மகேந்திரராஜா பரமட்டாவில் ஒரு கட்டட நிறுவனத்தில் எஞ்சினியர். கொழும்பிலிருந்து சிட்னிக்கு வந்து நார்த்மீட்டில் வீடு வாங்கியிருந்தார்கள். ஒரே மகள் மெல்பேர்னில் படித்துக்கொண்டிருந்தாள். அவருடைய கந்தோரில் பெரியவர்கள் ஐரோப்பா போய்வந்து கதை சொல்வார்கள். தானும் சொல்லவேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. சிட்னிப் பயண முகவர் ஒருவர், ஒரு கிழமை முழுதும் அல்ப்ஸ் மலைகளையும் ஏரிகளையும் ரயிலில் சுற்றிக்காட்டும் பயணம் ஒன்றை ஒழுங்குசெய்தபோது முதலில் பெயர் கொடுத்தவர் அவர்தான். கூட வந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். அவர்களை மேய்ப்பதற்கு மிசிஸ் ஹார்ப்பர் என்ற கலகலப்பான பெண் வந்திருந்தாள். அவளுடைய புருஷனும் மகேந்திரராஜாவின் மேலதிகாரியும் ஒன்றாகக் கோல்ஃப் விளையாடுபவர்கள். அதனால் அவள் என்ன பகிடி விட்டாலும் மகேந்திரராஜா எல்லோருக்கும் முந்திச் சிரிப்பார்.

பிரியென்ஸ் ஏரிக்கரையில் ஒரு பழைய மர ஹோட்டலில் இரண்டு இரவுகள் தங்கினார்கள். அறை துப்புரவாக்க வந்த பெண்ணின் பெயர் லூர்தெஸ். போர்த்துக்கல்லிலிருந்து வேலைக்கு வந்தவள், சின்ன வயது. ஆங்கிலம் தெரியாது. முதல் நாள் வந்தவள் குளியலறையைப் பார்த்துவிட்டு, கையை விரித்து, "துவால்யா?" என்று கேட்டாள்.

சிவனேஸ்வரிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "துவாயோ?" என்றாள்.

அந்தப் பெண்ணும் சிரித்தாள். அலுமாரியைக் காட்டிச் சிவனேஸ்வரி "அலுமாரி" என்றாள். அவள் "அர்மாரியு" என்றாள். மேசை, கதிரை, சாவி என்று இருவரும் அறையைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள். போர்த்துக்கேயர் ஆண்ட காலத்தில் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன, வீட்டுக்குள் பேசின சொற்கள் இந்தப் பெண்ணின் வாயிலிருந்து வருவதைக் கேட்கக் கேட்க, பயணம் தொடங்கிய நாளிலிருந்து அவளை அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இளகியது. ஆனால் துவாய் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். அது மகேந்திரராஜாவின் பெட்டிக்கு அடியில், முந்திய ஹோட்டல் துவாயோடு கிடந்தது. லூர்தெஸ் வேறு துவாய் கொண்டுவந்து தொங்கவிட்டபோது அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

புறப்படும் காலையில், பெட்டிகளோடு எல்லோரும் கீழே நின்றபோது ஹோட்டல் மனேஜர் வந்தார். விருந்தினர்கள் இருக்கும் கூடத்தில், அக்கரை மலையையும் நீர்வீழ்ச்சியையும் பார்க்கவென்று சன்னலோரம் ஒரு பெரிய பைனாகுலர் வைத்திருப்பார்கள். அவருடைய தகப்பன் காலத்துச் சாமான். அதைக் காணவில்லை.

"விருந்தினரை நான் சந்தேகப்படவில்லை" என்று மரியாதையாகச் சொன்ன மனேஜர், திரும்பி லூர்தெஸைக் கூப்பிட்டார். காலையில் கூடத்தைத் துடைத்தவள் அவள்.

எல்லோருக்கும் முன்னால் அவளுடைய துணிப்பையைக் கொட்டச் சொன்னார். ஒரு துண்டு பாண், ஒரு செபமாலை, பாதி பின்னிய குழந்தைக் காலுறை ஒன்று, கம்பளி நூல் உருண்டை. உருண்டை தரையில் உருண்டு மகேந்திரராஜாவின் சப்பாத்தில் முட்டி நின்றது. ஏப்ரன் பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார். காட்டினாள். கழுத்தெல்லாம் சிவந்துபோயிருந்தது.

மகேந்திரராஜா குனிந்து நூல் உருண்டையை எடுத்துப் பையின்மேல் போட்டார். பிறகு உச்சுக்கொட்டி, மிசிஸ் ஹார்ப்பரிடம் ஆங்கிலத்தில், "இந்த மாதிரி ஆட்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான். பாவம் மனேஜர்" என்றார்.

லூர்தெஸை அன்றோடு நிற்பாட்டுவதாக மனேஜர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

இண்டர்லாக்கனில் ரயில் மாறினார்கள். துன் ஏரியின் கரையோடு வண்டி ஓடியது. குளிர் காற்று அடித்தது. சிவனேஸ்வரி கம்பளிச் சட்டை எடுக்கத் தன் பெட்டியைத் திறந்தாள். பட்டுச்சேலையின் மடிப்புக்குள் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. விரித்துப் பார்த்தாள். பித்தளை விளிம்பு போட்ட, தோல் தேய்ந்த பைனாகுலர்.

மகேந்திரராஜாவின் பெட்டியில் அல்ல, அவளுடைய பெட்டியில். அவளுடைய கூறைச்சேலைக்குள்.

"மூடும், மூடும்" என்றார் மகேந்திரராஜா, தாழ்ந்த குரலில். "நல்ல சாமான். சிட்னியிலை இப்பிடி ஒண்டு கிடையாது."

"நீங்களோ எடுத்தனீங்கள்?"

"அவங்களுக்கு இன்னொண்டு வாங்கேலாதோ? மூடும் எண்டெல்லோ சொல்லுறன்."

"அந்தப் பிள்ளையை வேலையாலை நிப்பாட்டிப் போட்டாங்கள். நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். அவவின்ரை நூலைக் குனிஞ்சு எடுத்துக் குடுத்தனீங்கள்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். மிசிஸ் ஹார்ப்பரின் பகிடிக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் தெரிந்த பற்களைப் பார்த்தபோது சிவனேஸ்வரிக்கு அருவருத்தது. இருபது வருடத்துக்கு மேலாக இந்த வாய்க்குச் சமைத்துப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தாள்.

வண்டி ஷ்பீட்ஸ் என்ற ஸ்டேஷனில் நின்றது. அவள் பைனாகுலரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். எந்த ரயிலிலும் ஏறக்கூடிய பயண அட்டை அவளிடமும் இருந்தது. மகேந்திரராஜா முந்தானையைப் பிடித்தார். "பயித்தியமோ உமக்கு? இரும்!" என்றார். எதிர் இருக்கைக்காரர் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்ததும் கையை விட்டுவிட்டார். அவள் இறங்கினாள்.

திரும்பிப் போகிற ரயிலைக் கண்டுபிடித்தாள். பிழையாக ஏறிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. சிட்னியில்கூடத் தனியாகப் பரமட்டாவைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் வந்த வழி நினைவிலிருந்தது.

ஹோட்டலுக்குள் அவள் போனபோது மனேஜர் எழுந்து நின்றார். பைனாகுலரை மேசையில் வைத்தாள்.

"இதை என் கணவர் எடுத்தார். அந்தப் பெண்மேல் ஒரு குற்றமும் இல்லை" என்று, வழியெல்லாம் கூட்டிக்கூட்டிப் பார்த்த ஆங்கில வசனத்தைச் சொன்னாள்.

மனேஜர் இரக்கத்தோடு அவளைப் பார்த்தார். "அமருங்கள், மேடம். எங்களுக்கு எல்லாம் தெரியும். பிரிக் ஸ்டேஷனிலிருந்து இப்போதுதான் உங்கள் குழுத் தலைவி தொலைபேசி எடுத்தார். உங்கள் கணவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். இது ஒரு நோய்தானே. நாங்கள் பொலிசுக்குப் போகப் போவதில்லை."

"என்ன நோய்?"

"தேவையில்லாமலே பொருள்களை எடுக்கிற... பாவம், அவர் எவ்வளவு காலமாக இதை மறைத்துச் சமாளித்து வருகிறார்."

சிவனேஸ்வரி பேச வாயெடுத்தாள். வழியில் கூட்டிப் பார்த்த வசனத்துக்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. "இல்லை, அவர்தான், அவர்தான்" என்று மட்டும் சொன்னாள். மனேஜர் தலையை ஆட்டி ஆட்டி, ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

பின்பக்கத்திலிருந்து லூர்தெஸைக் கூப்பிட்டார்கள். அவள் இன்னும் போகவில்லை. ஊர் உடுப்போடு, பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மனேஜர் அவளுக்கு விளங்கும் மொழியில் ஏதோ சொல்லி, பைனாகுலரையும் சிவனேஸ்வரியையும் காட்டினார். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்பது அவளுடைய முகத்தில் தெரிந்தது. அடுத்த கணம் அவள் சிவனேஸ்வரியைப் பார்த்தாள்.

மேசை, கதிரை, அலுமாரி, சாவி. இருவருக்கும் பொதுவாக இருந்த சொற்கள் அவ்வளவுதான். 'நான் எடுக்கவில்லை' என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. சிவனேஸ்வரி அவளுடைய கையைப் பிடிக்கப் போனாள். லூர்தெஸ் கையை இழுத்து, பாவாடையில் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்விட்டாள்.

பொழுதுபடுகிற நேரத்தில், அன்றிரவு தங்கவேண்டிய செர்மாட்டில் குழுவோடு போய்ச் சேர்ந்தாள். கடவுச்சீட்டு கணவரிடம் இருந்தது. வேறு போக இடமில்லை. கூடத்தில் இருந்த பெண்கள் அவளைக் கண்டதும் அன்பாகச் சிரித்தார்கள். சிரித்தபடியே கைப்பைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். மகேந்திரராஜா எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க அவளுடைய தோளில் சால்வையைப் போட்டுவிட்டார். மிசிஸ் ஹார்ப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அறைக்குள் போனதும் அவள் சால்வையைக் கழற்றி எறிந்தாள்.

"நான் களவெடுக்கிற வருத்தக்காரியோ?"

"கத்தாதையும். வேறை என்ன செய்யிறது? இந்த ஹார்ப்பர் மனுசி போய்ப் புருசனிட்டைச் சொன்னால் என்ரை கந்தோர் முழுக்கத் தெரிஞ்சிடும். எனக்கு ஒரு பேர் இருக்கு. நீர் வீட்டிலைதானே இருக்கிறனீர், உமக்கு என்ன?"

"அந்தப் பிள்ளை என்ன பாடு பட்டிருக்கும் எண்டு யோசிச்சனீங்களோ?"

"எந்தப் பிள்ளை?" என்றார் அவர்.

நடிக்கவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். காலையில் சுற்றிவைத்திருந்த பாணை விரித்து, பட்டரைப் பெருவிரலால் வழித்துப் பூசி, கடித்துக்கொண்டே யோசித்தார். சிவனேஸ்வரி குளியலறைக்குள் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

மிச்ச நாட்களில் எந்த மலையைக் கடந்தார்கள், எந்த ஏரியைச் சுற்றினார்கள் என்பது அவளுக்கு நினைவில்லை. ஒவ்வொரு ரயிலிலும் அவருக்கு இரண்டு வரிசை தள்ளி இருந்தாள். அவருடைய குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கும்போதெல்லாம், குளிக்காத உடம்பு ஒன்று பக்கத்தில் வந்து ஒட்டினதுபோல இருந்தது.

சிட்னி வந்து சில வாரங்களில் அவர் சிலைட் படங்கள் காட்ட ஆட்களைக் கூப்பிட்டார். அந்த நாளில் அந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. விக்னராஜாவும் மனைவி நாகேஸ்வரியும், இன்னும் இரண்டு குடும்பங்களும் வந்தார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கை அணைத்தார். மலை வந்தது, ஏரி வந்தது. சிவனேஸ்வரி வடைத் தட்டோடு நின்றாள்.

"இது ஷ்பீட்ஸ் ஸ்டேஷன்" என்றார் மகேந்திரராஜா. "இஞ்சைதான் எங்கடை ஆள் துலைஞ்சுபோனவ! பிழையான ஸ்டேஷனிலை இறங்கிட்டா. ரயில் வெளிக்கிட்டிட்டுது, இவ அங்கை ஆவெண்டு கொண்டு நிக்கிறா!"

எல்லோரும் சிரித்தார்கள்.

சிவனேஸ்வரி தட்டைக் கீழே வைத்தாள். "நான் துலையேல்லை. தெரிஞ்சுதான் இறங்கினனான்" என்றாள். பிறகு தமிழில், ஒரு சொல் தட்டாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஹோட்டல் மனேஜரிடம் சொல்ல முடியாமற்போனது எல்லாம் இப்போது வந்தது.

இருட்டில் மகேந்திரராஜாவின் குரல் குழைந்தது. "இவவுக்குக் கொஞ்சக் காலமா மனம் சரியில்லை..."

கதிரைகள் கிறீச்சிட்டன. எவரும் அவளைப் பார்க்கவில்லை. விக்னராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணை, அடுத்த படம் என்ன?" என்று கேட்டார். அடுத்த படம் வந்தது. பனியாறு. ஆட்கள் அழகாயிருக்கு என்றார்கள். வடை சாப்பிட்டார்கள். கணவருடைய பற்களைப் பார்த்து வந்த அருவருப்பு, இப்போது அந்த அறை முழுவதன்மீதும் பரவுவதைச் சிவனேஸ்வரி உணர்ந்தாள். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை தொலைபேசி அடித்தது. நாகேஸ்வரி.

"சிவனேசு, நான் ராத்திரி வாயைத் திறக்கேல்லை. அவர் பக்கத்திலை இருந்தவர். எனக்கு என்னையே பிடிக்கேல்லை. நீர் சொன்னது அவ்வளவும் உண்மை எண்டு எனக்குத் தெரியும்."

"நம்பினால் எனக்கு ஒரு உதவி செய்யும். ஒரு அறை பாத்துத் தாரும்."

"ஓம்" என்றாள் நாகேஸ்வரி, யோசிக்காமலே.

ஹரிஸ் பார்க்கில், கிரேக்கக் கிழவி ஒருத்தியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. அதற்குள் பரமட்டாவில் சட்டை தைக்கும் இடமொன்றில் வேலையும் சரிவந்தது. மெல்பேர்னில் இருந்த மகள் தொலைபேசியில் அழுதாள். பிறகு, விடுமுறைக்கு உங்களிடமே வருகிறேன் என்றாள்.

சிவனேஸ்வரி பெட்டியோடு வெளியே வந்தபோது மகேந்திரராஜா வாசலில் நின்றார். முகம் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"ஆக்களுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"ஏதாவது சொல்லுவியள். உங்களுக்குச் சொல்ல வரும்."

பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மகேந்திரராஜா உடனே சிரித்துக் கையை உயர்த்தினார். சிவனேஸ்வரி நாகேஸ்வரியின் காரில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.