ஏழு பேர் வந்தால் போதும்

மண்டலப் போட்டிக்குப் போக மூன்று வெற்றி வேண்டும். தன் ஆட்டங்களை எல்லாம் ஆடி முடித்துவிட்ட ராஜபாளையம் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியிடம் சரியாக மூன்று இருந்தது. நாளை வேறொரு கல்லூரியோடு ஆட வேண்டிய கடைசி ஆட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் அணி வராது என்று கேள்விப்பட்டதும் கேப்டன் நாகஜோதி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். வராவிட்டால் அந்த அணி விலகியதாகக் கணக்கு. அவர்களை ராஜபாளையம் ஒன்பது கோல் போட்டு ஜெயித்த ஆட்டமும் செல்லாமல் போய்விடும்; மிஞ்சுவது இரண்டு வெற்றிதான்.

அட்டவணை போட்ட புண்ணியவான், அந்த அணியில் பலர் போகிற போலீஸ் வேலைத் தேர்வு ஓட்டம் நடக்கிற நாளிலேயே அந்த ஆட்டத்தை வைத்திருந்தார். நாகஜோதி காலில் விழாத குறையாகக் கெஞ்சியும், வேறு நாளில் மைதானம் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்.

பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினாள். அந்த அணியின் கேப்டன் வெங்கடேஸ்வரி வீட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸ் ஓட்டத்துக்குப் போறவுக போகட்டும். மிச்சம் எட்டுப் பேரு இருக்கீயல்ல? ஏழு பேரு வந்தா ஆட்டம் நடக்கும். தோத்தாலும் பரவால்ல, சும்மா வந்து நின்னாப் போதும். வேன் நான் அனுப்புதேன்" என்றாள் நாகஜோதி.

"ஒன்பதாவது கோல் போட்டுட்டு எங்க கோல்கீப்பர்ட்ட நீ என்ன சொன்ன?"

நாகஜோதிக்கு அது நினைவிருந்தது. அன்று அவள் அணியே விழுந்து விழுந்து சிரித்திருந்தது.

"வெளையாட்டுக்குச் சொன்னது…"

"என்ன சொன்ன?"

"நீங்கள்லாம் எதுக்குட்டி மேட்ச்சுக்கு வாரீயன்னு கேட்டேன்."

வெங்கடேஸ்வரி கடைசித் துணியையும் உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அதத்தான் நாங்களும் யோசிச்சோம்."