கழிக்கப்பட்டவை

கழிவு எதுவும் வெளியே போகாத அரங்கம் என்று விளையாட்டரங்கத்துக்குச் சான்றிதழ் வந்த ஒன்பதாம் நாள், வேலையிலிருந்து நீக்கப்பட்ட கோட்டுக்காரரால் அதன் வாசலைத் தாண்ட முடியவில்லை. அது ஒரு வியாழக்கிழமை, நல்ல வெயில். ஆட்டத்தன்று காலையில் சுண்ணாம்புப் பொடி வண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்தில் வெள்ளைக் கோடு போடுகிறவர் அவர். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை, நூல் பிடிக்காமலே நேராகப் போடுவார் என்று பெயர். அரங்கத்தைப் பசுமையாக்க வந்த மேலாளரை ஊர் பச்சை சார் என்று கூப்பிட்டது. சும்மா சொல்லக் கூடாது, மனிதர் வேலைக்காரர்தான். கூரை முழுக்கச் சூரியத் தகடு பதித்தார், மழைநீரைத் தொட்டியில் பிடித்தார், கழிப்பறைத் தண்ணீரைச் சுத்தம் செய்து புல்லுக்கு விட்டார், உடைந்த நாற்காலிகளை உருக்கிப் புது நாற்காலி செய்தார். சுண்ணாம்பு மண்ணைக் கெடுக்கிறது என்று அதை நிறுத்திவிட்டு, செடிச் சாயத்தில் கோடு போடும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அத்தோடு கோட்டுக்காரருக்கு வேலை போயிற்று. காகிதத்தை மிச்சம் பிடிக்க, ஆட்களை நீக்கும் படிவத்தை அச்சடிப்பதையும் நிறுத்தியிருந்தார்கள். ஆகவே எழுத்தர் பண்டசாலைப் படிவத்திலேயே "கழிக்கப்பட்டவை" என்ற தலைப்பின் கீழ் உடைந்த நாற்காலி நானூற்றுப் பன்னிரண்டு, கிழிந்த வலை ஒன்பது, சுண்ணாம்பு வண்டி ஒன்று என்று எழுதி, அதற்கும் கீழே கோட்டுக்காரர் ஒன்று என்று எழுதி முடித்தார். கோட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மாலை ஐந்தே காலுக்குச் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வலது காலை வெளியே வைத்தார். கால் உள்ளேதான் ஊன்றியது. இடது காலை வைத்தார், அதுவும் அப்படியே. வலிக்கவும் இல்லை, எதிலும் இடிக்கவும் இல்லை. "என்னண்ணே, போன மச்சான் திரும்பி வந்த கதையா இருக்கு?" என்று சிரித்த காவலாளி, வெளியே நின்றுகொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்த கையில் ஒன்றுமே இல்லை. காவலாளிக்குச் சிரிப்பு அப்போதுதான் நின்றது. கோட்டுக்காரர் ஏணி வைத்து மதில் ஏறி மறுபக்கம் இறங்கிப் பார்த்தார், இறங்கிய இடம் மைதானமாக இருந்தது. தண்ணீர் வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டினார்கள். வண்டி தெருவுக்குப் போய்விட்டது, இவர் உட்கார்ந்த வாக்கிலேயே வாசலுக்கு இந்தப் பக்கம் காற்றில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தரையில் விழுந்தார். முட்டியில் சிராய்ப்பு. தூக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. அது ஓட்டை உடைசல் இல்லாத நல்ல பாத்திரம்.

மறுநாள் காலை அவர் மனைவி, ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பச்சை சாரின் அறைக்குப் போனார்.

"ஒரு வார்த்தைதான சார். அதை அடிச்சிட்டு வேற எழுதுங்க, அவரு பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவாரு."

"அடிச்சா கணக்கு உதைக்கும்மா. கழிச்சதுல ஒண்ணு வெளிய போனாலும் சான்றிதழைப் பிடுங்கிடுவாங்க."

"அப்ப எம் புருஷன் குப்பையா சார்?"

பச்சை சார் படிவத்தை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார், சொன்னபடி எழுதியும் கேட்டார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. இந்த அளவுக்கு எந்த அரங்கமும் சாதித்ததில்லை, மனமார்ந்த வாழ்த்துகள், ஏற்பாட்டைக் கலைக்க வேண்டாம். அந்த ஆட்களிடம் நியாயம் கேட்பதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று என்று அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

பார்வையாளர்கள் மட்டும் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அதைப் பார்த்த மனைவிக்கு ஒரு யோசனை. டிக்கெட் ஒன்று வாங்கி வாசல் கம்பி வழியாக நீட்டினார். கோட்டுக்காரர் தலையை வாரிக்கொண்டு காலரியில் போய் உட்கார்ந்தார், மற்றவர்களைப் போலவே கத்தினார், இரண்டு தடவை எழுந்து நின்று கைகூடத் தட்டினார். ஆட்டம் முடிந்து முப்பதாயிரம் பேர் கலைந்து போனார்கள். வாசலில் அவரும் காலிக் கோப்பைகளும் மிச்சம். அதற்குப் பிறகு ஆட்ட நாட்களில் அவரைக் கிழக்குக் காலரிக்கு அடியில் உள்ள கொட்டகையை விட்டு வரவிடுவதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கூப்பிடுவார்கள். மற்ற அரங்கங்களிலிருந்து ஆட்கள் பார்க்க வருவார்கள், அவர்களுக்கு முன்னால் அவர் மூன்று தடவை வெளியே போக முயன்று காட்ட வேண்டும். வந்தவர்கள் கைதட்டுவார்கள். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வாசல் விட்டுவிடும் என்ற ஆசையில் முதல் இரண்டு வருடம் நிஜமாகவே முயன்றார். மூன்றாம் வருடத்திலிருந்து நடித்தார்.

ஆட்டம் இல்லாத நாட்களில், வேலையில் இல்லாதவர்களை அலுவலக அறையைத் தாண்டி உள்ளே விடுவது கிடையாது. மனைவி தினமும் மாலையில் வந்து கம்பிக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவார். துவைத்த சட்டையைக் கம்பி வழியாகக் கொடுப்பார், அழுக்குச் சட்டையை வாங்கிக்கொள்வார். சட்டை தடையில்லாமல் வெளியே வரும், அழுக்கு வராது. வாசல் கோட்டில் மெல்லிய புழுதியாக உதிர்ந்து உள்ளேயே கிடக்கும், காவலாளி பெருக்கி உரக்குழியில் போடுவார். துவைக்கிற வேலை மிச்சம்தானே என்று தெருவில் சிலர் பேசினார்கள், அவர்கள் வாயில் மண்ணைப் போட. முதல் நாள் அந்தச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் முகத்தில் வைத்துப் பார்த்த மனைவி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய வியர்வை வாசனையைக்கூட அரங்கம் கழிவில் சேர்த்திருந்தது. மறுநாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உங்க வாசனகூட வரலங்க" என்று சொல்லி அழுதார். கோட்டுக்காரர் கம்பிக்கு இந்தப் பக்கம் நெருங்கி வந்தார். "குரலு வருதுல்ல" என்றார்.

பதினைந்து வருடம் குரல் வந்தது. மகள் பள்ளி முடித்தாள், மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், கூட வேலை பார்த்தவனையே கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் வாசலுக்கு வந்தார்கள். அவரால் கையை வெளியே நீட்ட முடியாது என்பதால் மகள் தன் கையை முழங்கை வரைக்கும் கம்பிக்குள் விட்டாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்து, "இவளுக்குக் கோவம் சட்டுனு வரும், பாத்துக்கங்க" என்றார். அந்த வருடம் அரங்கத்துக்கு ஏழாவது விருது கிடைத்தது. புல் அவ்வளவு பச்சையாக இருந்தது.

மகளைக் கட்டிக்கொடுத்த மறுமாதம் மனைவி அரங்கத்திலேயே நாற்காலி துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். பகலில் சாப்பாட்டு நேரத்துக்குக் கொட்டகைக்குப் போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவார். ஆறு மணிக்குள் வெளியேறிவிட வேண்டும், வாசலில் தலை எண்ணும் கருவி உண்டு, கழிக்கப்பட்டவர் அதன் கணக்கில் வர மாட்டார். இரண்டாம் வருடம் கோட்டுக்காரருக்குக் கொட்டகைக்குப் பக்கத்து உரக்குழிப் புழுதியால் இருமல் கண்டது. வந்து பார்த்த மருத்துவர், ராத்திரியில் மூச்சு முட்டும், பக்கத்தில் ஆள் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு, ஆறு மணிக்கு முன்னால் கிளம்பிப் போனார்.

மனைவி மறுபடி பச்சை சாரின் அறைக்குப் போனார். சாருக்கு இப்போது தலை நரைத்திருந்தது. "என்னையும் அதுல எழுதிடுங்க சார்" என்றார். நன்றாக வேலை பார்க்கிற ஆளை எப்படிம்மா கழிக்கிறது என்று அவர் மறுத்துவிட்டார். அன்றிலிருந்து மனைவி துணியைத் தொடவில்லை. காலரியில் பறவை எச்சம் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த பச்சை சார் கூப்பிட்டனுப்பினார்.

"வேணும்னேதானம்மா பண்றீங்க?"

"ஆமா சார்."

கோட்டுக்காரருக்கு இது தெரிந்ததும் இருமலோடு கத்தினார். "பைத்தியமா உனக்கு? நான் ஒருத்தன் மாட்டுனது பத்தாதா?"

"பதினேழு வருஷமா உங்களை விட்டுட்டுத் தனியாத் திரும்பிப் போறேன். போதுங்க, என்னால முடியல."

அதற்கு மேல் அவர் கத்தவில்லை. மகள்தான் கத்தினாள். ஐந்து மாதக் கர்ப்பம், வாசலுக்கு வெளியே அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவருக்கு நீ இருக்க. அப்ப எனக்கு யாரும்மா இருக்கா?" அம்மா மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார், இரண்டு பேரும் தெருவில் நின்று அழுதார்கள், அழுது முடித்துவிட்டு அம்மா வேலைக்கு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை, கழிக்கப்பட்டவையில் மனைவியையும் சேர்த்து எழுதிய படிவம் வந்தது. மாலை ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, அவர் காலையில் கொண்டுவந்திருந்த, ஒரு பாயும் இரண்டு தலையணையும் அடங்கிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு உள்பக்கமாகவே கிழக்குக் காலரிப் பக்கம் நடந்தார். காவலாளிக்கு மனசு கேட்கவில்லை. வாசல் இவரை இன்னும் குறித்துக்கொள்ளாமல் இருந்தாலும் இருக்கும், ஒரே ஒரு தடவை காலை வெளியே வைத்துப் பார்க்கட்டும் என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

"அக்கா, நேரமாச்சு. வீட்டுக்குப் போகலையா?"

"வீட்டுக்குத்தான் தம்பி போறேன்."

காவலாளி திரும்பி வந்து கதவைச் சாத்தினார். கருவி காட்டிய எண்ணிக்கை சரியாக இருந்தது.