இரண்டு தட்டு

பனிக்கட்டிக்கு அடியில் வலை விடுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஷிங்காய் ஏரிக்கரையில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் இது தெரியும். யுன்ஷானுக்குத் தெரியாதா? அறுபத்திரண்டு வயது, கடைசிப் பத்தொன்பது குளிர்காலமும் கூட்டாளி தேமாவோடு சேர்ந்து வலை விட்டவன். ஆனாலும் டிசம்பர் இருபதாம் தேதி விடிந்ததும், கடப்பாரை, கழி, வலை, துடைப்பம் எல்லாவற்றையும் சறுக்குவண்டியில் ஏற்றி, தான் ஒருவனாக இழுத்துக்கொண்டு ஏரிக்குள் நடந்தான்.

தேமாவுக்கு நெஞ்சு கெட்டுவிட்டது. போன வருஷம் இதே ஏரியில் நின்று இருமினான், பனியில் சிவப்பு விழுந்தது. அக்டோபரில் அவன் மகன் வந்து தெற்கே சான்யாவுக்குக் கூட்டிப்போய்விட்டான். அங்கே கடல், தென்னைமரம், டிசம்பரிலும் அரைக்கால் சட்டை. உடம்புதான் அங்கே இருக்கிறது. போன வாரம் போனில் பிடித்துக்கொண்டான்.

"முன்னாடி நிக்க ஆள் கிடைச்சானாடா?"

"கிடைச்சிட்டான்."

"புளுகாதே. உன் வாய்க்கு எவன் வருவான்? உன்கூட காலம் தள்ள என்னை மாதிரி செவிட்டுப் பயதான் வேணும்."

"உனக்கு எப்போடா காது போச்சு?"

"உன்கூட இருந்துதான். இந்தா பாரு, இருபதாம் தேதிக்குள்ள வலை இறங்கணும். அன்னைக்கு நாலு மணிக்குக் கூப்பிடுவேன். இறங்கலேன்னா மறுநாளே கிளம்பி வந்துடுவேன்."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லே? இந்தக் குளிர்ல ஒரு வாரம் தாங்க மாட்டே."

"தாங்கலேன்னா போறேன். இங்கே இளநீரா குடிச்சுக் குடிச்சு, நடந்தா வயிறு சலசலங்குது."

வருவேன் என்றால் வந்துவிடுகிற ஆள் அவன். ஊரில் யுன்ஷான் மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தான். ஒருவன் வேறு கூட்டத்தில் சேர்ந்திருந்தான், இன்னொருவனுக்கு முதுகுவலி, மூன்றாமவன் பழைய வசவு ஒன்றை ஞாபகம் வைத்திருந்தான். வேறு வழி இல்லை. தேமாவ் பிழைத்துக்கிடக்க வேண்டும் என்றால் இன்று நாலு மணிக்குள் வலை இறங்கியாக வேண்டும்.

வேலை இதுதான். ஐந்தைந்து எட்டுக்கு ஒரு துளையாகப் பனியில் வரிசையாகத் துளை போட வேண்டும். வாலில் கயிறு கட்டிய நீளக் கழியை முதல் துளையில் இறக்கி, பின்னால் நிற்பவன் கவைக்கோலால் பனிக்கடியில் தள்ளுவான். முன்னால் நிற்பவன் அடுத்த துளையில் கழியின் முனையைக் கொக்கியால் பிடித்து, குதிகாலால் பனியை இரண்டு தட்டுத் தட்டுவான். காதை மூடிய தொப்பிக்கும் காற்றுக்கும் நடுவே கத்தினால் கேட்காது. தட்டினால் காலில் கேட்கும். பின்னால் நிற்பவன் அதைக் கேட்டுத்தான் கையை விடுவான். அதற்கு முன்னால் விட்டால் கழி போன இடம் தெரியாது.

பத்தொன்பது வருஷமும் முன்னால் தேமாவ், பின்னால் யுன்ஷான். இன்று யுன்ஷான் தள்ளினான், கயிற்றைப் பனியில் அறைந்த முளையில் இறுக்கிக் கட்டினான், முன்னால் ஓடி முனையைப் பிடித்தான், திரும்ப வந்து கட்டை அவிழ்த்தான். மீசையில் மூச்சு உறைந்து தொங்கியது. பேச்சுக்கு ஆள் இல்லாததால் கடப்பாரையைத் திட்டினான். அதுவும் சலித்துப்போனது. நடுப்பகலுக்குள் பன்னிரண்டு துளையில் ஒன்பது முடிந்தது.

ஒன்பதாவதில் நின்று தள்ளிக்கொண்டிருந்தபோது காலுக்கடியில் கேட்டது. தம், தம்.

கையை விட்டான்.

விட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். பத்தாவது துளையின் பக்கத்தில் யாரும் இல்லை. கடுங்குளிரில் ஏரி அப்படித்தான் எங்காவது வெடித்துச் சத்தம் போடும். அவனுக்கும் அது தெரியும், கைக்குத் தெரியவில்லை. கயிற்றை இழுத்தான், இரண்டு முழம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. கழி குறுக்கே திரும்பி, பனி மடிந்து கீழே துருத்திய இடத்தில் மாட்டியிருந்தது. இன்னும் இழுத்தால் கயிறு அறுந்துவிடும்.

சறுக்குவண்டியில் உட்கார்ந்து மடியிலிருந்த ரொட்டியை எடுத்தான். அது கல்லாகியிருந்தது. அதைப் பல்லால் சுரண்டிக்கொண்டே ஒரு யோசனை யோசித்தான், கெட்ட யோசனை. கழி போனால் போகட்டும். நாலு மணிக்கு, "இறங்கலேடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக் கழித்து அவன் இங்கே இருப்பான். அடியில் அடுப்புச் சூடு ஓடுகிற படுக்கை மேடையில் எதிரே உட்கார்ந்து சாராயத்தை ஊற்றிக்கொண்டு, "ஒரு கழியைப் பிடிக்கத் துப்பில்லையா?" என்பான். மனைவி போய் எட்டு வருஷம் ஆன வீட்டில் அந்தக் குரல் கேட்கும். அதற்கு அவனுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஒரு வாரம் கேட்கும். பிறகு?

போன வருஷம் விழுந்த சிவப்பை யுன்ஷான்தான் பூட்ஸால் பனி தள்ளி மூடினான். எழுந்து துடைப்பத்தை எடுத்தான்.

மேலே கிடந்த தூள்பனியைப் பெருக்கினால் அடியில் பனிக்கட்டி கறுப்புக் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. பெருக்குவான், குப்புறப் படுத்து இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்துப் பார்ப்பான், எழுந்து இன்னும் பெருக்குவான். கன்னத்துத் தோல் பனியில் ஒட்டிப் பிய்ந்தது. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, மடிப்பை ஒட்டி ஒரு நீளக் கோடு தெரிந்தது.

"இங்கேயாடா படுத்திருக்கே" என்றான். அன்று அவன் அன்பாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

இரண்டு சாண் பனியைக் கடப்பாரையால் குத்தித் திறந்து கழியை எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு அவன் காலுக்கடியில் கேட்ட எதையும் நம்பவில்லை. கயிற்றின் மறுமுனையில் வலையைக் கட்டி, கடைசித் துளையில் நின்று கயிற்றை இழுத்து, வலை முழுக்க உள்ளே போனதும் முளையில் கட்டினான். சூரியன் கரையைத் தொட்டிருந்தது. குளிரில் செத்துப்போகாமல் இருக்க வயிற்றோடு வைத்திருந்த போன் அடித்தது.

"இறங்கிடுச்சா?"

"இறங்கிடுச்சு. நீ போய் இளநீர் குடி."

"முன்னாடி நின்னது யாரு?"

"கீழத்தெருவிலே ஒருத்தன்."

"பேரு?"

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான், பேரைத் தவிர.

"பேர் கேட்டேன்டா."

"பேர்ல என்ன இருக்கு. நல்லாத்தான் தட்டுறான்."

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். பிறகு இருமல், அது நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சரி. டிக்கெட் எடுக்கலே" என்றான் தேமாவ். "ஆனா அடுத்த தடவை ஒத்தையிலே போகாதேடா. இரு, செருப்பைக் கழட்டிக்கிறேன்."

எதற்கு என்று யுன்ஷான் கேட்பதற்குள், சான்யாவில் ஒரு வீட்டுத் தரையில் குதிகால் இரண்டு முறை விழுந்தது. தம், தம்.

யுன்ஷானின் விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. போன் பனியில் விழுந்தது.