தட்டைப் பார்த்தால் பாட்டு

மகளுக்குச் சாப்பாடு பகையாகி ஒரு வருஷம் ஆகிறது. கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். பள்ளி வேன் நிறைய வாண்டுகளை அடக்கி ஓட்டுகிற என்னால், ஒரு துண்டு ரொட்டியை அவள் வாய்க்குள் அனுப்ப முடியவில்லை. இந்த வாரமும் எடை இறங்கினால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மூக்கில் குழாய்தான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்படித்தான் இந்த மனநல ஆலோசகரிடம் வந்தோம். நான் வைத்த பெயர் ‘தட்டு டாக்டர்’. சின்ன வயதில் அவருக்கும் இதே நோய் இருந்ததாம். மீண்டு வந்து இதையே படித்தாராம். அவர் அறையில் சோபா கிடையாது, எடை மெஷின் கிடையாது. ஒரு சாப்பாட்டு மேசை, மூன்று நாற்காலி. மூவரும் சேர்ந்து மதியம் சாப்பிட வேண்டும், அதுதான் வைத்தியம். யார் தட்டையும் யாரும் பார்க்கக் கூடாது, சாப்பாட்டைப் பற்றி மூச்சு விடக் கூடாது. மீறினால் எழுந்து நின்று ஒரு பாட்டு.

முதல் நாளே நான் கச்சேரி நடத்திவிட்டேன். பக்கத்து அறை பல் டாக்டர் எட்டிப் பார்த்து, “இங்கயும் பல்லு பிடுங்கறீங்களா?” என்று கேட்டார். மகள் சிரித்தாள், ஆனால் சாப்பிடவில்லை.

இன்று மாட்டுவதில்லை என்ற முடிவோடு உட்கார்ந்தேன். ஆளுக்கொரு தட்டில் ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம். மின்விசிறியைப் பார்த்தபடி வேன் டயரைப் பற்றிப் பேசினேன். டயர் தீர்ந்து பிரேக்குக்கு வந்தபோது, மகள் பக்கமிருந்து முட்டை ஓடு உடைகிற சத்தம் கேட்டது. ஆனாலும் பிரேக்கை விடவில்லை, கிளட்ச் வரைக்கும் போனேன்.

“அட, முட்டைய முழுசா சாப்பிட்டுட்டியே!”

சொன்னது நானில்லை. தட்டு டாக்டர்! சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். மகள் முகம் சுருங்கிவிட்டது. கையில் எடுத்த வாழைப்பழத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். எனக்கு வந்ததே கோபம்!

“எழுந்திரிங்க டாக்டர். பாடுங்க.”

பாடினார். என் குரலே தேவலை. பாதியில் நிறுத்திவிட்டு மகளிடம், “நான் ஒரு வாய் சாப்பிட்டா போதும், எங்கம்மா சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லுவாங்க. எனக்கு உடனே பயம் வந்துடும், மறுபடி நிறுத்திடுவேன். இப்ப நானே அதைப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோம்மா,” என்றார்.

மகள் என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, நீ ஏன் இன்னும் ரொட்டிய தொடவே இல்ல?”

டாக்டர் புருவத்தை உயர்த்தினார். மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. “ஐயோ, போச்சு” என்று எழுந்து நின்றாள். கை வாழைப்பழத்தை எடுத்தது. நான் சட்டென்று மின்விசிறிக்குக் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

பாட ஆரம்பித்தாள். வாய் நிறையப் பழம். ஒரு வார்த்தை விளங்கவில்லை. நான் நிமிர்ந்த தலையை இறக்காமல், அழுதுகொண்டே என் ரொட்டியைத் தின்றேன்.