பதிவில் ஒரு முனகல்

செவ்வந்தி வயலினில் மேல் ஷட்ஜத்தைத் தொடப் போகும் நேரம் பார்த்து மயில் அகவியது. வில்லை எடுத்து மடியில் வைத்துவிட்டு, எதிரே முக்காலியில் நிறுத்தியிருந்த கைபேசியை அணைத்தாள். அன்று காலையில் பாழாய்ப்போன எத்தனையாவது பதிவு அது என்று எண்ணக்கூட அவளுக்கு மனமில்லை.

கிணத்துக்கடவில் மயில்களுக்குப் பஞ்சமே இல்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்த தென்னந்தோப்பிலிருந்து வந்து மொட்டை மாடியில் உலவும், தொட்டியில் தண்ணீர் குடிக்கும், பிறகு சாவகாசமாகக் கூப்பாடு போடும். அவற்றின்மேல் செவ்வந்திக்கு இதுவரை ஒரு வருத்தமும் இருந்ததில்லை. இந்த ஆடி மாதத்தில்தான் கல்லை எடுத்து எறியலாமா என்று தோன்றியது.

எல்லாம் அந்த அறிவிப்பால் வந்தது. பொள்ளாச்சியில் ஒரு சபா, நவராத்திரிக் கச்சேரிகளில் ஒரு மாலையைப் புதியவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தது. விருப்பமுள்ளவர்கள் ஒரு ராக ஆலாபனையை வீட்டிலேயே பதிவு செய்து அனுப்ப வேண்டும். சுருதியும் வாத்தியமும் தவிர வேறெதுவும் கேட்கக் கூடாது. வெட்டி ஒட்டக் கூடாது. செவ்வந்திக்குப் பகலெல்லாம் தென்னைநார்க் கம்பெனியில் அலுவலக வேலை. வயலின், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கூடவே வருவது. கோயில் விழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் வாசித்திருக்கிறாள். ஆனால் அதெல்லாம் யாராவது பாட, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்ததுதான். பாடுகிறவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் திரும்பி, அவர் நின்றால் நின்று, பின்னாலேயே போகிற வேலை. தனியாகத் தன் பெயருக்கு ஒரு மேடை என்கிற ஆசையை அவள் கணவன் ரூபனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"அதுக்கென்ன அம்மணி, ஊட்லயே ரெக்கார்டு பண்றது ஒரு காரியமா? போனை வெச்சு அமுத்துனா ஆச்சு" என்றான் ரூபன். கடைவீதியில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். எந்த வேலையையும் அவன் 'அமுத்துனா ஆச்சு' என்றுதான் ஆரம்பிப்பான்.

அமுத்தினால் ஆகவில்லை. முதலில் காற்று. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற ஆடிக் காற்று சன்னல் கதவை அடித்து, மைக்குக்குள் புகுந்து ஊதியது. சன்னலை மூடி, அதன்மேல் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, மெத்தையை நிமிர்த்திக் கதவோரம் சாய்த்தாள். காற்றுச் சத்தம் நின்றது. ஃபேனின் சத்தம் மேலே வந்தது. ஃபேனை நிறுத்தினால் வேர்வையில் இடது கை வழுக்கியது. வழுக்கினால் காந்தாரம் காந்தாரமாக நிற்கவில்லை. அதையும் சமாளித்து நன்றாக வாசித்துக்கொண்டு போகிறபோது குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழையும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்கே போனாள்.

"தெய்வாத்தாக்கா, கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நேரம் மாவாட்டாம இருக்க முடியுங்ளா?"

"அட, இதுக்கா கண்ணு இப்படித் தயங்கறே? உம்பட பொட்டி வாசிச்சு முடிக்கட்டும், பொறவு ஆட்டிக்கறேன்" என்று தெய்வாத்தாள் உடனே சுவிட்சை அணைத்தாள். வயலினை அவள் பொட்டி என்றுதான் சொல்வாள். செவ்வந்தி வீட்டுக்குத் திரும்பி வந்து வில்லை எடுத்ததும், தெய்வாத்தாள் தன் வீட்டில் யாரிடமோ, "சத்தம் போடாதீங்கடா, அந்தப் புள்ள என்னமோ பரிட்ச எழுதுது!" என்று கத்தியது பதிவில் தெளிவாக விழுந்திருந்தது.

இதைவிடக் கொடுமை, சத்தமே இல்லாத நேரங்கள். எல்லாம் அடங்கி, கைபேசியில் பதிவுக்கான சிவப்புப் புள்ளி மினுங்கத் தொடங்கியதும் கைகள் கட்டையாகிவிடும். சமையலறையில் தனக்குத்தானே வாசிக்கும்போது ஓடிவருகிற காம்போதி ராகம், அந்தப் புள்ளியைக் கண்டால் வாசலிலேயே நின்றுவிடும். மேடையில் தப்பு நடந்தால் அடுத்த நொடியில் அது போய்விடுகிறது. இங்கே அது உட்கார்ந்துகொண்டு, எத்தனை முறை கேட்டாலும் அதே இடத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமைந்தது. தெருவில் பாதிப் பேர் ஒரு சீர் விசேஷத்துக்கு ஆனைமலை போயிருந்தார்கள். சர்ச்சிலிருந்து வந்து சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து வாசித்தாள். எங்கேயோ ஓரிடத்தில் கைபேசியை மறந்தாள், அறையை மறந்தாள். முடித்துக் கண்ணைத் திறந்தபோது முதுகு நனைந்திருந்தது. இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள். வயலின் அவள் நினைத்ததைவிட நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அதற்கு அடியில் என்னவோ ஒன்று இருந்தது. தாழ்வான, கனத்த ஒரு முனகல். சில இடங்களில் இல்லை. சில இடங்களில் சுருதியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பழைய பதிவுகளில் தப்பாமல் ஓரளவு ஓடியவற்றைத் தேடிக் கேட்டாள். ஒன்றிரண்டில் அங்கேயும் இருந்தது. காற்றும் கிரைண்டரும் மயிலும் அதை மூடி வைத்திருந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

"ஏனுங்க, ரெக்கார்டிங்ல ஒரு மொனகல் வருதுங்க. கரண்டுச் சத்தமாட்ட இருக்குது" என்றாள்.

மோட்டார்க்காரனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? ரூபன் இன்வெர்ட்டரைக் கழற்றினான். மறுநாள் பதிவிலும் முனகல் இருந்தது. ஃபிரிட்ஜை நிறுத்தினான். பால் திரிந்தது, முனகல் போகவில்லை. சார்ஜரை மாற்றினான், தெருமுனை டிரான்ஸ்பார்மரைச் சந்தேகப்பட்டான், கடைசியில் வீட்டுக்கே மெயினை இறக்கிவிட்டு இருட்டறையில் அவளை வாசிக்கச் சொன்னான். அப்போதும் இருந்தது.

"கரண்டே இல்லாம எப்படி அம்மணி கரண்டுச் சத்தம் வரும்? குடு பாக்கலாம்" என்று ஹெட்ஃபோனை வாங்கி மாட்டினான். அத்தனை நாளும் அவன் அதைக் காதில் வாங்கிக் கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு சிரித்தான்.

"இதையா தேடிட்டிருந்தோம்? இது நீதான்."

"நானா?"

"நீதான் பாடறே. வாசிக்கறப்ப நீ எப்பவும் பாடுவியே. கல்யாணமான நாள்ல இருந்து கேக்கறனே. உனக்கே தெரியாதா?"

செவ்வந்தி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் விளையாடவில்லை.

அவள் பாடமாட்டாள். அது வீட்டில், சர்ச்சில், கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எட்டாம் வகுப்பு விடுமுறையில் கோவையில் ஒரு இசைப்பள்ளிக்கு வாய்ப்பாட்டுக் கற்றுக்கொள்ளத்தான் அப்பாவோடு பஸ் ஏறிப் போனாள். பாடச் சொன்னார்கள். இரண்டு வரி பாடியதும் அங்கிருந்தவர் கையைக் காட்டி நிறுத்தி, சாரீரம் கரகரவென்று இருக்கிறது, வயலினில் சேர்த்துவிடுங்கள் என்றார். அவர் திட்டக்கூட இல்லை. செருப்பு அளவு சொல்வதுபோலச் சொன்னார். அன்றோடு வாயை மூடியவள்தான். சர்ச்சில் எல்லோரும் எழுந்து பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பாள். தன் மகளைத் தூங்கவைக்கக்கூட அவள் பாடியதில்லை, தட்டிக்கொடுத்துத்தான் தூங்கவைத்தாள். அந்த மகள் இப்போது ஈரோட்டில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள்.

ரூபன் மெயினைப் போடப் போனான். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவை முதலிலிருந்து வைத்தாள்.

இந்த முறை வயலினை விட்டுவிட்டு அடியிலிருந்ததை மட்டும் கேட்டாள். கேட்கக் கேட்க அது முனகலாக இல்லாமல் போயிற்று. ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். கரகரப்பான குரல்தான். மழைக்கு முன்னால் தூரத்தில் உருளும் இடியைப்போல அடியில் ஒரு கனம். அது பஞ்சமத்தில் வந்து நின்றபோது, எவரும் எழுப்பிவிட முடியாதபடி சம்மணமிட்டு உட்கார்ந்ததுபோல இருந்தது. எந்தத் தயக்கமும் அந்தக் குரலுக்கு இல்லை. யாரும் அதை நிறுத்தச் சொன்னதே இல்லை என்பதுபோலப் பாடியது.

பிறகு ஒன்றைக் கவனித்தாள். நம்ப முடியாமல் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டாள். மேல் ஷட்ஜத்திலிருந்து இறங்குகிற இடம். குரல் முதலில் இறங்கியது. கண் இமைக்கிற நேரம் கழித்து வில் அதன் பின்னால் போனது. அடுத்த திருப்பத்திலும் அப்படியே. ஆலாபனை என்பது எழுதிவைத்து வாசிப்பதில்லை. அந்த நேரத்தில் பிறப்பது. அது விரல்களில் பிறக்கிறது என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தாள். இல்லை. பாடுகிறவர்களின் பின்னாலேயே போய்ப் பழகியவள், தனியாக வாசித்தபோதும் ஒருத்தியின் பின்னால்தான் போயிருக்கிறாள். அவளும் இவள்தான்.

கையெல்லாம் மயிர் சிலிர்த்து நின்றது. பயமா என்று கேட்டால் பயம் என்றும் சொல்லலாம். தெரிந்த வீட்டுக்குள் இதுவரை பார்க்காத ஓர் அறையின் கதவு திறந்து, உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ரூபன் வந்து தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினாள். கன்னம் ஈரமாக இருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் வீட்டில் யாருமில்லாதபோது, வயலினைத் தொடாமல் நின்று, வாயைத் திறந்து அந்தக் குரலைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வரவில்லை. வந்தது, உடைந்து பிசிறடிக்கிற, வெட்கப்பட்ட ஏதோ ஒன்று. இரண்டு வரியில் நின்றுபோனது.

சபாவுக்கு அனுப்ப நாள் நெருங்கியது. "வாயில தண்ணியை வெச்சுட்டு வாசி, சத்தம் எப்படி வருதுன்னு பாக்கலாம்" என்றான் ரூபன். அதையும் செய்தாள். கன்னம் உப்ப ஒரு வாய் தண்ணீரோடு உட்கார்ந்து வாசித்தாள். முனகல் அறவே இல்லை. எந்தச் சபாவும் குறை சொல்ல முடியாத, சுத்தமான பதிவு. ஸ்வரங்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக யாரும் இல்லாததுபோல இருந்தது. ரூபனுக்கு ராகம் தெரியாது. அவனே முகத்தைச் சுளித்தான்.

"எதை அனுப்பப் போறே?"

"ஞாயித்துக்கெழம வாசிச்சதைத்தானுங்க."

"தள்ளிப்போடுவாங்க அம்மணி."

"தள்ளட்டுங்க."

தள்ளத்தான் செய்தார்கள். சபாவின் செயலாளர் தமிழ்ச்செல்வன் என்பவர் அவரே கூப்பிட்டுப் பேசினார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. வாத்தியம் மட்டும்னு போட்டிருந்தோம். இதுல பாட்டும் சேர்ந்து வருது. ஒருத்தருக்கு விட்டா எல்லாத்துக்கும் விடோணும்" என்றவர் போனை வைக்கவில்லை. "ஆனா ஒண்ணு கேக்கோணும்னு இருந்துச்சுங்க. பதிவைக் கேட்ட நடுவருங்க மூணு பேருமே விசாரிச்சாங்க. கூடப் பாடுனது யாருங்க?"

செவ்வந்தி கைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தானுங்க" என்றாள். சொன்ன பிறகு, கைபேசிக்குள் பேசிய தன் குரல் எப்படி இருக்கிறது என்று முதல்முறையாகக் கவனித்தாள்.

நவராத்திரி மேடை போனதில் வருத்தம் இல்லாமல் இல்லை. அன்றைக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்தது. அந்தக் குரல் அவளுக்குத் தெரியாமல் பாடியது. இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகு அது வருமா? இந்த எண்ணத்தால் வயலின் பக்கமே போகாமல் நாள்களைக் கடத்தினாள்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம், ரூபன் முன்னறையில் ஒரு பழுதான மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் யாருக்கும் அனுப்புவதற்காக இல்லாமல், கைபேசியைப் பக்கத்தில் வைத்து அமுத்திவிட்டு வாசிக்க உட்கார்ந்தாள். ஆரம்பத்தில் காது தொண்டையையே காவல் காத்தது. பிறகு தைவதத்தில் ஒரு சிக்கல் வந்தது; அதை அவிழ்க்கிற மும்முரத்தில் காவல் மறந்துபோயிற்று.

முடித்தாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். முதலில் வயலின் மட்டும். இன்னும் வயலின் மட்டும். போய்விட்டது என்று நினைத்தாள். அந்தத் தைவதத்துக்குக் கொஞ்சம் முன்னால், யாரோ தொண்டையைச் சரிசெய்துகொண்டதுபோல ஒரு சிறு ஒலி. பிறகு அவள் வந்தாள். வந்தவள் சிக்கலைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி, இந்த ராகத்தில் அங்கே இடம் இருக்கிறதென்று செவ்வந்திக்கே தெரியாத ஓர் இடத்தில் போய் நின்றாள்.

"என்ன அம்மணி, செலையாட்ட உக்காந்துட்டே?" என்றான் ரூபன்.

அவள் ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனை விலக்காமலேயே கையை உயர்த்தினாள்.

"செத்த சும்மா இருங்க. பாடீட்டிருக்குது."