எட்டாம் எண் நிலையம்

ஹூப்ளியில் ஒரு பால் கம்பெனியின் கணினி வலை முழுவதும் ஷராவதி அங்கடியின் பொறுப்பு. நான்கு ஊர்களின் குளிரூட்டும் நிலையங்கள் அவளுடைய ரவுட்டரில் சேர்ந்திருந்தன. முகவரியின் மூன்றாம் எண்தான் அவற்றுக்கு அடையாளம்: 4, 5, 6, 7. அன்று காலை அண்ணிகேரியில் புது நிலையம் திறப்பு. அதற்கு 8.

எந்த இணைப்புகளோடு வழித்தகவலைப் பகிர வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லும் வரியில், 10.20.4.0 என்ற முகவரிக்கு அடுத்து எந்தெந்த எண்கள் சேரும் என்று குறிக்கும் 0.0.3.255 என்ற வைல்டு கார்டு மாஸ்க் இருந்தது. 4ஆம் எண்ணுக்கு மேல் இன்னும் மூன்று நிலையங்கள், அதனால்தான் 3 என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது ஒன்று கூடுகிறதே என்று 3ஐ 4 ஆக்கினாள்.

உடனே குந்துகோள் நிலையத்திலிருந்து ஈரப்பா கூப்பிட்டார்.

"என்ன மேடம் பண்ணீங்க? ஸ்கிரீன் செத்துப்போச்சு. பால் ஊத்த வந்தவங்க கேனோட நின்னு என்னை முறைக்கிறாங்க."

5, 6, 7 மூன்றும் போயிருந்தன. 8 வரவேயில்லை. பழைய மாஸ்க்கையே திரும்பப் போட்டதும் மூன்றும் மீண்டன.

மேனேஜர் சுணகார் வந்து நின்றார். "எதுக்கு மண்டைய உடைச்சுக்கிறீங்க? 0.0.255.255 போட்டுடுங்க, எல்லாமே உள்ள வந்துரும். சேர்மன் அங்க கத்திரிக்கோலோட நிக்கிறாரு."

"எல்லாம்னா 12ம் வரும் சார். அது கேமரா போட்டவங்க லைன். நம்ம வழியெல்லாம் அவங்க பெட்டிக்கும் போயிரும்."

"இன்னைக்கு ஒரு நாள்தானே?"

"ஒரு நாளும் வேண்டாம் சார். கொஞ்சம் உட்காருங்க."

முகத்தைச் சுளித்தாலும் உட்கார்ந்தார்.

ஷராவதி எண்களை இயந்திரம் பார்க்கிறபடி ஒன்றும் பூஜ்யமுமாக எழுதினாள். 4 என்பது 0100. 5, 0101. 6, 0110. 7, 0111. முதல் இரண்டு இடங்கள் மாறவில்லை. கடைசி இரண்டு மட்டும் மாறின. மாஸ்க்கின் 3ஐ எழுதினாள்: 0011. பேனா நின்றது.

அது எண்ணிக்கையே அல்ல. பூஜ்யம் நிற்கும் இடம் அப்படியே பொருந்த வேண்டும். ஒன்று நிற்கும் இடத்தில் எது வந்தாலும் சரி. அவள் போட்ட 4, அதாவது 0100, ஒரே ஓர் இடத்தைத்தான் திறந்துவிட்டது. அதில் 0ம் 4ம் மட்டுமே நுழைய முடியும். 8 என்பதோ 1000. முதல் இடமே வேறு. 12ஐயும் இழுக்காமல் அந்தக் கூட்டத்தில் அதைச் சேர்க்கவே முடியாது.

பழைய வரியைத் தொடாமல், 10.20.8.0க்கு 0.0.0.255 என்று தனியாக இன்னொரு வரி சேர்த்தாள். திரையில் அண்ணிகேரி எழுந்தது. 12 வெளியிலேயே இருந்தது.

சேர்மனுக்குப் போன் போட்டார் சுணகார். "வந்துருச்சு சார். நான் குறுக்கு வழி சொன்னேன், அங்கடி மேடம் ஒத்துக்கல. அவங்ககிட்டயே பேசுங்க."

"என்னம்மா கோளாறு?" என்றார் சேர்மன்.

"நான் போட்டது தப்பு சார். ஏன் தப்புன்னு இப்ப எனக்குத் தெரியும்."

அதைச் சொல்லும்போது அவள் குரல் தாழவில்லை. எங்கேயோ பார்த்து எழுதிய வரிகளோடுதான் இத்தனை நாள் வேலை பார்த்திருந்தாள். இது அவளே எழுதிய வரி. யார் கேட்டாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் அவளால் பதில் சொல்ல முடியும்.