கோட்டுக் கையில் போட்ட தையல்

கடைசி வருட வகுப்பில் மொத்தம் முப்பத்திரண்டு பெண்கள். பள்ளி முடிய ஒரு வாரம் இருக்கும்போது வாலு என்று பேர் வாங்கியவளின் கூட்டம் ஆளுக்கொரு குறும்பு என்று ஆரம்பித்தது. நெட்டைச்சியின் செருப்பு கொடிக்கம்பத்தில் ஏறியது. பேனா கடன் கேட்டே காலம் தள்ளியவளின் மேசைக்குள் நாற்பது மூடிகள் மட்டும் கிடந்தன. மாட்டிக்கொண்டவள் முதலில் கத்துவாள். அப்புறம் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பாள்.

வியாழக்கிழமைக்குள் எல்லோருக்கும் முறை வந்துவிட்டது. லீடருக்கு மட்டும் வரவில்லை.

மூன்று வருடமாக அவள்தான் வகுப்புத் தலைவி. வேண்டுமென்றே மேசையைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தால் வைத்தது வைத்தபடி இருந்தது. அந்த வாலுவிடம் அப்படி என்னதான் இருக்கிறது? கணக்கில் முட்டை, சீப்பைக் காணாத தலை. ஆனால் அவள் வராந்தாவில் நடந்தால் பத்துப் பேர் பின்னால் போகிறார்கள். லீடருக்கு வயிறு பற்றி எரிந்தது.

பக்கத்து இருக்கைக்காரியிடம் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தாள். உன்கிட்ட யாரு வம்பு வெச்சுக்குவா என்று சொல்லிவிட்டு அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அன்று மதியம் லீடர் ஆய்வுக்கூடத்தைத் திறந்தாள். சாவி எப்போதும் அவளிடம்தான். தன் வெள்ளைக் கோட்டை எடுத்து, இரண்டு கை நுனியையும் வெள்ளை நூலால் தைத்து மூடினாள்.

வேதியியல் வகுப்பில் கோட்டை மாட்டினாள். கை வெளியே வரவில்லை. யாருடி இது என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. லீடருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆசிரியை சிரிக்கவில்லை. அமிலம் புழங்குகிற இடத்தில் இதென்ன விளையாட்டு, யார் செய்தது என்று கேட்டார். வாலு எழுந்து வந்து தையலைத் தடவிப் பார்த்தாள். பொடிப்பொடியாக, கோடு போட்ட மாதிரி நேரான தையல். வாலுவுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. லீடரின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"நான்தான் மிஸ்."

நாளைக்குக் குழுப் படத்தில் நீ கிடையாது, நூலகத்தில் போய் உட்கார் என்று தீர்ப்பாயிற்று. கூட்டமோ, லீடரையே விட்டுவைக்கலை பாரு என்று வாலுவின் முதுகில் தட்டிக் கொடுத்தது.

லீடர் அவளைப் படிக்கட்டில் மடக்கினாள்.

"ஏன்டி பொய் சொன்ன?"

"பின்ன, நீயே தைச்சுக்கிட்டன்னு சொல்லவா? மானம் போயிடும்."

"என்னை மட்டும் ஏன் விட்டீங்க? பயமா?"

வாலு தலையைச் சொறிந்தாள். "பயமெல்லாம் இல்லப்பா. மறந்துட்டோம்."

அவ்வளவு அழகாகப் பொய் சொன்னவள் இதற்கும் ஒன்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மறுநாள் காலை மைதானத்தில் நாற்காலிகள் போட்டார்கள். முன்வரிசை நடுவில் வாலுவின் பையை உட்காரவைத்து, அதற்கு யாரோ மூக்குக்கண்ணாடியும் மாட்டிவிட்டார்கள். பைக்குப் பக்கத்தில் நிற்க அடிதடி. பின்வரிசை பெஞ்சின் ஓரத்தில் ஏறி நின்ற லீடருக்கு, ஒரு பையைப் பார்த்துப் பொருமுகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்றிருந்தது. அந்தச் சிரிப்பாவது தன்னுடையதாக இருக்கட்டும். இறங்கி ஆசிரியையிடம் போய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மிஸ், அதைத் தைச்சது நான். என் கோட்டை நானேதான் தைச்சேன்."

தனக்குத்தானேவா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கணும். போய் அவளைக் கூட்டிட்டு வா. வந்து நீ இந்தப் பக்கம் நில்லு."

வாலு ஓடி வந்ததும் வரிசை கூச்சலிட்டது. லீடரையும் சேர்த்துக்கச் சொல்லி அவள் மிஸ்ஸிடம் கெஞ்சினாள். மிஸ் மசியவில்லை. கெஞ்சியதற்கும் அவளுக்கே கைதட்டல் கிடைத்தது.

பின்வரிசையில் இரண்டு பேர் நகர்ந்து நின்றார்கள். ஓரத்து இடம் அடைபட்டது. புகைப்படக்காரருக்குப் பின்னால் லீடர் நின்றாள். முப்பத்தொரு பேரும் அவள் இருந்த திசையைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்கள். கேமரா அவளுக்கு முன்னால் இருந்தது.